சத்தம் போடாத மட்டை

போன வருடம் இரண்டு மாத மகாபொலக் காசைச் சேர்த்து ஒரு மேசைப்பந்து மட்டை வாங்கினேன். இருபத்தொரு வயதில் விளையாடத் தொடங்கின ஆள் நான். பள்ளிக்கூடத்தில் மேசை இருந்ததுதான், ஆனால் அதற்கு மேல் எப்பவும் சோதனைத்தாள் கட்டுகள் கிடக்கும். கம்பஸ் வந்த பிறகு, விடுதிப் பொது அறையில், வலை தொய்ந்த மேசையில், றப்பர் உரிந்துபோன பொது மட்டையோடுதான் பழகினேன். ஏழெட்டு மாதத்தில் பந்தை ஓரளவு திருப்பிப் போட வந்தது. உடனே சொந்த மட்டை வேணும் என்ற ஆசையும் வந்தது.

கடையில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஆகக் கெதியா அடிக்கிறது எது?" காபன் இழை வைத்த பலகை, இரண்டு பக்கமும் ஆகத் தடித்த ஸ்பொஞ்ச். எடுத்துத் தந்தார்கள். இரண்டு கிழமை கழித்து பீடங்களுக்கு இடையிலான போட்டி. முதல் சுற்றிலேயே வெளியே வந்தேன். என்னை வென்ற பிள்ளையின் மட்டை, என்னுடைய மட்டைக்கு அம்மம்மா மாதிரி இருந்தது.

எங்கள் கம்பஸில் வேலை செய்கிற ஒரு அண்ணை பின்னேரங்களில் வந்து விளையாடுவார். அன்றைக்கு அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உம்மட பந்து ஏன் வெளியால போகுதெண்டு உமக்கு விளங்குதே?"

"இல்லை அண்ணை."

"விளங்காது. அந்த பட் உமக்கு ஒண்டும் சொல்லாது. எல்லாத்தையும் அதுவே செய்துபோடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "நீர் வரலாறு படிக்கிற ஆள்தானே? 1952 பம்பாய்க் கதை தெரியுமே?"

தெரியாது. தேடிப் படித்தேன். ஒரு மட்டையை எப்படித் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு, கடைக்காரரிடமும் யூடியூபிலும் கிடைக்காத பதில் அந்தக் கதையில் இருந்தது. அதுதான் இந்தக் கட்டுரை.

சத்தத்தில் பிறந்த விளையாட்டு

மேசைப்பந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் பிறந்த விளையாட்டு. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அதே மேசையில் நடக்கிற பொழுதுபோக்கு. 1890இல் டேவிட் ஃபொஸ்டர் என்பவர் ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு காப்புரிமை பெற்றார். அடுத்த வருடம் ஜாக் நிறுவனம் "கொசிமா" என்ற பெயரில் ஒன்றை விற்றுப் பார்த்தது. சரிவரவில்லை. தக்கையில் செய்த பந்து துள்ளாது, றப்பர் பந்து கண்டபடி துள்ளும். 1900 அளவில் செலுலொயிட் பந்து வந்தபோதுதான் விளையாட்டு பற்றிக்கொண்டது.

அப்போதைய மட்டைகள் நீண்ட கைப்பிடியும், தோல் இழுத்துக் கட்டிய முகமும் கொண்டவை. கிட்டத்தட்ட ஒரு சின்னப் பறை. பந்து அந்தத் தோலில் படும்போது ஒரு சத்தம், மேசையில் படும்போது இன்னொரு சத்தம். "பிங் பொங்" என்ற பெயரே அந்தச் சத்தத்தில் இருந்து வந்தது என்பார்கள். அந்தப் பெயரை ஜாக் நிறுவனம் தன் வணிகப் பெயராகப் பதிந்துகொண்டது. மற்றவர்கள் "மேசை டென்னிஸ்" என்று சொல்ல வேண்டி வந்தது.

அதன் பிறகு மரப் பலகையின் மேல் புள்ளி புள்ளியான றப்பரை ஒட்டினார்கள். மருந்துக் கடையில் சில்லறைக் காசு வைக்கிற புள்ளி றப்பர் விரிப்பைப் பார்த்த ஒருவருக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அந்த மட்டை ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆட்சி செய்தது. 1926இல் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் உருவாகி, அதே வருடம் லண்டனில் முதலாவது உலகச் சம்பியன் போட்டி நடந்தபோதும் அதுதான். ஹங்கேரியின் விக்டர் பார்னா 1930க்கும் 1935க்கும் இடையில் ஐந்து தடவை உலக ஒற்றையர் சம்பியன் ஆனதும் அதே மட்டையால்தான்.

இந்த மட்டைக்கு இரண்டு குணம். ஒன்று, அது மெதுவானது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எதிராளிக்குத் தடுக்க நேரம் இருக்கும். 1936இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பனெத்தும் விளையாடிய ஆட்டத்தில் முதல் புள்ளிக்கு மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதன் பிறகு வலையின் உயரத்தைக் குறைத்தார்கள், ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்தார்கள்.

மற்றக் குணம் சத்தம். பந்து புள்ளி றப்பரில் படும்போது "டொக்" என்று தெளிவாகக் கேட்கும். மெல்லத் தட்டினால் ஒரு மாதிரி, ஓங்கி அடித்தால் வேறு மாதிரி. நல்ல விளையாட்டு வீரர்கள் கண்ணால் பார்க்க முதலே காதால் கேட்டு நகரத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஐம்பது வருடமும் எதிராளியின் மட்டை இவர்களோடு பேசிக்கொண்டே இருந்தது. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, அது நிற்கும் வரைக்கும்.

பம்பாய், 1952

1952 பெப்ரவரியில் உலகப் போட்டி பம்பாய்க்கு வந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலக மேசைப்பந்துப் போட்டி அது. ஜப்பான் கலந்துகொண்ட முதல் உலகப் போட்டியும் அதுதான்.

அந்தக் காலத்தை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். போரில் தோற்று ஆறரை வருடம். 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானுக்கு ஆதரவாகப் பேசியதை நாங்கள் எல்லாரும் எங்கேயோ கேள்விப்பட்டிருப்போம். அங்கே கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1952 ஏப்ரல் 28இல். அதாவது பம்பாய்க்கு ஜப்பான் அணி வந்தபோது அவர்களுடைய நாடு இன்னும் அந்நியப் படையின் ஆக்கிரமிப்பில்தான் இருந்தது.

அந்த அணியில் கண்ணாடி போட்ட, மெலிந்த ஒருவர் இருந்தார். ஹிரோஜி சாட்டோ. பேனாவைப் பிடிக்கிற மாதிரி மட்டையைப் பிடிப்பவர். அவருடைய மட்டையில் புள்ளி றப்பர் இல்லை. அதற்குப் பதிலாகத் தடித்த ஸ்பொஞ்ச்.

ஸ்பொஞ்ச் என்ன செய்யும்? பந்து அதற்குள் அமிழும். ஒரு கணம் கூடுதலாக உள்ளேயே நிற்கும். பிறகு கெட்டபோலில் இருந்து கல் போவதுபோல வெளியே வரும். எதிராளி ஓங்கி அடித்தால் அந்த வேகத்தையே வாங்கித் திருப்பிக் கொடுக்கும். எல்லாத்தையும் விட முக்கியமாக, சத்தமே கேட்காது. பந்து போனதும் தெரியும், வந்ததும் தெரியும், நடுவில் மட்டையில் பட்டது மட்டும் தெரியாது. ஐம்பது வருடமாகக் காதை நம்பி விளையாடின ஐரோப்பிய, அமெரிக்க வீரர்கள் திகைத்துப் போனார்கள். கை ஓங்கின வேகத்துக்கும் பந்து வந்த வேகத்துக்கும் பொருத்தமே இல்லை. அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் அவரிடம் தோற்றார். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் கொசியான் தோற்றார். ஸ்பொஞ்ச் மட்டையோடு உலக ஒற்றையர் சம்பியன் ஆன முதல் ஆள் சாட்டோ.

ஜப்பான் திரும்பினபோது அவருக்குப் பெரிய வரவேற்பு. தோற்றுப்போன ஒரு நாட்டுக்கு அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் வெளியில் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: வென்றது சாட்டோவா, மட்டையா?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள ஏலாது. சாட்டோ அதன் பிறகு உலக ஒற்றையர் பட்டத்தைத் திரும்ப வெல்லவே இல்லை. ஸ்பொஞ்ச் புதுசாக இருந்தவரைக்கும் அது ஆயுதம். மற்றவர்களுக்குப் பழகினதும் அது ஒரு பொருள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே பம்பாயில் ஜப்பான் பெண்கள் அணி குழுப் போட்டியை வென்றது. இரட்டையர் பட்டங்களும் ஜப்பானுக்கு வந்தன. அதை எல்லாம் ஒரு மனிதரின் ஸ்பொஞ்சின் கணக்கில் எழுத முடியாது.

எனக்கு ஆகப் பிடித்த பதில் இரண்டு வருடம் கழித்து வந்தது. 1954இல் லண்டனில் இச்சிரோ ஒகிமுரா என்ற இளைஞர் உலகச் சம்பியன் ஆனார். அவருடைய மட்டையிலும் ஸ்பொஞ்ச்தான். அந்த நேரம் ஸ்பொஞ்ச் யாருக்கும் அதிசயம் இல்லை. ஒகிமுராவின் பலம் அவருடைய காலில் இருந்தது. மேசையைச் சுற்றி ஓடி, எந்தப் பந்தையும் தன்னுடைய நல்ல பக்கத்தால் அடிக்கிற அளவுக்குக் கடுமையாகப் பயிற்சி எடுத்தவர். 1956இலும் வென்றார். பிற்காலத்தில் சர்வதேசச் சம்மேளனத்தின் தலைவராகவும் ஆனார். சாட்டோ புது மட்டையைக் கொண்டுவந்தார். அந்த மட்டைக்கு ஏற்ற விளையாட்டைக் கொண்டுவந்தது ஒகிமுரா.

சட்டம் எதைக் காப்பாற்றியது?

ஸ்பொஞ்சைத் தடைசெய்ய வேணுமா இல்லையா என்ற சண்டை ஏழு வருடம் நடந்தது. 1959இல் சம்மேளனம் ஒரு நடுவழியை எடுத்தது. வெறும் ஸ்பொஞ்ச் கூடாது. ஸ்பொஞ்சின் மேல் றப்பர் போர்த்திய "சான்ட்விச்" மட்டை சரி. ஆனால் பசையையும் சேர்த்து மொத்தத் தடிப்பு 4 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஸ்பொஞ்ச் இல்லாத புள்ளி றப்பர் என்றால் 2 மில்லிமீற்றர். இன்றைக்கு நாங்கள் கடையில் வாங்குகிற ஒவ்வொரு மட்டையிலும் அந்த 1959 தீர்மானம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மட்டையின் அளவு, வடிவம், பாரம் எதற்கும் சட்டத்தில் எல்லை இல்லை. விரும்பினால் தட்டு அளவு மட்டையோடு போகலாம். பலகையின் தடிப்பில் 85 வீதமாவது இயற்கை மரமாக இருக்க வேணும் என்பதுதான் நிபந்தனை. மட்டையை எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த சில மில்லிமீற்றரில்தான் சட்டத்துக்குப் பயம்.

அடுத்த சண்டையும் அதே இடத்தில்தான். 1970களில் சிலர் மட்டையின் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு குணமுள்ள றப்பரை ஒட்டத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் பந்தைப் பிடித்துச் சுழற்றும். மற்றப் பக்கம் சுழற்சியை விழுங்கிவிடும். இரண்டும் ஒரே நிறம். விளையாடும்போதே மட்டையை விரலால் சுழற்றினால் எந்தப் பக்கம் பட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. ஆனால் சத்தத்தில் வித்தியாசம் இருக்கும் அல்லவா? அதையும் மறைக்க, சேர்வ் போடும்போது காலால் தரையை ஓங்கி உதைப்பார்கள். சீனாவின் சாய் ஷென்ஹுவா இந்த மாதிரி மட்டையால் பெயர் எடுத்தவர். 1981இல் நோவி சாட் நகரில் சீனா ஏழு பட்டங்களையும் அள்ளிக்கொண்டு போனபோது இந்த வாக்குவாதம் உச்சத்துக்கு வந்தது. முதலில் இரண்டு பக்கமும் வேறு நிறமாக இருக்க வேணும் என்றார்கள். பிறகு 1986இல் ஒரு பக்கம் கறுப்பு, மற்றது பளிச்சென்ற சிவப்பு என்று முடிவானது. 2021இல் இருந்து சிவப்புக்குப் பதிலாகப் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஊதா கூடப் பாவிக்கலாம். கறுப்பு மாறவில்லை.

நான் சின்னனில் அந்தச் சிவப்பும் கறுப்பும் சும்மா வடிவுக்கு என்று நினைத்தேன். அது எதிராளிக்குக் கொடுத்த ஒரு உரிமை.

மூன்றாவது கதை மணத்தைப் பற்றியது. 1970களில் யூகோஸ்லாவியாவின் சுர்பெக், ஹங்கேரியின் கிளாம்பார் போன்றவர்கள் சைக்கிள் டியூப்புக்கு பஞ்சர் ஒட்டுகிற சொலூசன் மாதிரியான பசையால் றப்பரை ஒட்டிப் பார்த்தார்கள். பசையில் இருக்கிற கரைப்பான் ஸ்பொஞ்சுக்குள் போய் அதை வீங்க வைக்கும். மேல் றப்பர் இழுபட்டு இறுகும். பந்து அம்பு மாதிரிப் போகும். சத்தமும் திரும்பி வந்தது, "டிக்" என்று கூர்மையாக. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் குணம் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் உரித்து, பூசி, திரும்ப ஒட்ட வேணும். ஆட்கள் நிறைந்த மண்டபங்களில், சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் அந்த ஆவியைச் சுவாசித்தார்கள். 2008 செப்டெம்பரில், பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு, அந்தப் பசைகள் தடைசெய்யப்பட்டன. அதற்குள் நிறுவனங்கள் அதே இறுக்கத்தைத் தொழிற்சாலையிலேயே றப்பருக்குள் வைக்கப் பழகிவிட்டன. நான் வாங்கின விலை கூடின றப்பர் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

சாட்டோவின் ஸ்பொஞ்ச், ஒரே நிறத்து றப்பர், பசை. சட்டம் இவற்றின் வேகத்தை முழுக்கத் தடுக்கவில்லை. ஸ்பொஞ்ச் இன்றும் இருக்கிறது, சுழற்சியை விழுங்குகிற றப்பரும் இருக்கிறது. முதல் இரண்டு சண்டையிலும் சட்டம் கேட்டது ஒன்றைத்தான்: எதிரே நிற்கிறவருக்கு என்ன வருகிறது என்று தெரிய ஒரு வழி இருக்க வேணும். மூன்றாவதில் அவர் மூச்சு விடவும் வழி இருக்க வேணும் என்றது.

அப்ப எந்த மட்டையை வாங்குவது?

இதை எல்லாம் படித்து முடித்தபோது அண்ணை சொன்னது விளங்கியது. எதிராளிக்கு மட்டை என்ன சொல்கிறது என்று சட்டம் பார்த்துக்கொள்ளும். பிடித்திருக்கிற எனக்கு அது என்ன சொல்கிறது என்று நான்தான் பார்க்க வேணும்.

என்னுடைய காபன் மட்டை பந்தை அவ்வளவு கெதியாக வெளியே எறிந்ததில், பட்டதை என் கை உணர நேரமே இருக்கவில்லை. கோணம் இரண்டு பாகை பிழைத்தால் பந்து மேசைக்கு வெளியே. ஏன் பிழைத்தது என்று தெரியாது. பயத்தில் கையை முழுக்க வீசாமல் தட்டித் தட்டி விளையாடினேன். சின்ன வயதில் தொடங்கினவர்களுக்கு ஆயிரக்கணக்கான மணித்தியாலப் பயிற்சி இருக்கும், அவர்களால் அந்த வேகத்தை அடக்க முடியும். எங்களைப் போல வளர்ந்த பிறகு தொடங்கினவர்களுக்கு கிழமைக்கு மூன்று நாலு பின்னேரம்தான். அந்த நேரத்தில் ஒவ்வொரு பிழையும் எங்களுக்கு ஏதாவது சொல்லித் தர வேணும்.

மற்றப் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு மட்டை, மூன்று பந்து என்று வருகிற மலிவுச் சோடிகளின் றப்பர் பெரும்பாலும் வழுக்கும், பந்தைப் பிடிக்காது. அதில் எவ்வளவு பழகினாலும் சுழற்சி கைவராது. காபன் கத்துவதால் ஒன்றும் கேட்காது, இது ஊமை.

நடுவில் இருப்பது இது: முழுக்க மரத்தால் ஆன, ஐந்து அடுக்குப் பலகை. "ஓல்ரவுண்ட்" என்று குறிப்பிட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வகையான, மேல்பக்கம் வழுவழுப்பான, பந்தைப் பிடிக்கிற றப்பர். ஸ்பொஞ்ச் 1.8 அல்லது 2 மில்லிமீற்றர், மிகக் கடினமாக இல்லாதது. ஸ்ரைவர் 1967இல் வந்தது, மார்க் 5 வந்தது 1969இல். அந்தப் பழைய வகை றப்பர்கள் ஒரு காலத்தில் உலகச் சம்பியன்களின் கையில் இருந்தவை. இப்போது அவை படிக்கிறவர்களின் றப்பராக இறங்கி வந்திருக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போட்டியில் விளையாடுவதாக இருந்தால் றப்பரில் சம்மேளனத்தின் அங்கீகார அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியை உங்கள் கையில் பிடித்துப் பார்த்துத்தான் எடுங்கள், படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். விளையாடி முடிந்ததும் ஈரத் துணியால் தூசியைத் துடைத்து உறைக்குள் வையுங்கள். றப்பர் பந்தைப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கினால் றப்பரை மட்டும் மாற்றுங்கள், பலகை பல வருடம் நிற்கும்.

நான் என்னுடைய காபன் மட்டையை விற்றுவிட்டேன், நட்டத்தில்தான். வந்த காசில் ஒரு மரப் பலகையும் இரண்டு றப்பரும் வாங்கி, கொஞ்சம் மீதியும் வந்தது. முதல் நாள் பந்து வலையில் விழுந்துகொண்டே இருந்தது. கையை முழுக்க வீசினால்தான் போகும். மூன்றாம் நாள் அளவில் உள்ளங்கையில் ஒரு சின்ன அதிர்வு தெரியத் தொடங்கியது. பந்து பலகையின் நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று பார்க்காமலே சொல்ல முடிந்தது.

இந்த வருடப் போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றேன். அதே பிள்ளையிடம்தான், அதே அம்மம்மா மட்டையிடம். ஆட்டம் முடிந்ததும் அண்ணை வந்து பக்கத்தில் இருந்தார்.

"என்ன பிழைச்சது?"

"அவ கீழ்ச் சுழற்சி போட்ட பந்தை மேல் சுழற்சி எண்டு நினைச்சு அடிச்சன் அண்ணை. மூண்டு தரம். பட்ட உடனயே கைக்குத் தெரிஞ்சுது, ஆனா பிந்திப் போச்சு."

அவர் சிரித்தார். "அது காணும். இனிக் காலைப் பழக்கும்."

ஒகிமுராவின் கதையைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது.